எழுபத்தைந்து நிமிட இடைவெளி: கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் மாறுவது பற்றி ஒரு மதிப்பீடு

பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு, சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் (கே.எல்.ஐ.ஏ.) தவிர்க்க முடியாத வழித்தங்கலாகவே இருந்து வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே நேரடி விமானச் சேவை தொடங்கியது பெரிய நிம்மதி என்றாலும், திருச்சிப் பக்கம் போகிறவர்களும் நேரடி விமானத்தின் நாளோ நேரமோ ஒத்துவராதவர்களும் இன்னமும் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கி ஏறித்தான் போகிறார்கள். எழுபத்தெட்டு வயதாகும் என் தாயாரை அழைத்துக்கொண்டு கடந்த பல ஆண்டுகளாக அந்த வழியில் போய்வந்தவன் என்ற முறையில், குறுகிய இடைவெளியில் அங்கே விமானம் மாறுவது எப்படி இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன். சென்ற ஆவணியில் சென்னையில் நடந்த ஒரு திருமணத்துக்காகப் போனபோது எங்களுக்குக் கிடைத்த இடைவெளி எழுபத்தைந்து நிமிடம். விமானத்தைப் பிடித்துவிட்டோம். ஆனால் பிடித்த விதத்தை விளக்கமாகச் சொன்னால்தான், அதே இடைவெளியை நம்பி டிக்கெட் எடுக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். டிக்கெட்டில் எழுதியிருக்கும் இடைவெளி முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. வந்து சேரும் நேரம் என்று குறிப்பிடுவது விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரத்தை. புறப்படும் நேரம் என்று குறிப்பிடுவது அடுத்த விமானம் அந்த இடத்தை விட்டு நகரும் நேரத்தை. நின்ற விமானத்தின் கதவு திறந்து, பின்வரிசையில் இருப்பவர் வெளியே வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மறுபக்கத்தில், அடுத்த விமானத்தின் வாயிலைப் பல நிறுவனங்கள் புறப்படும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே மூடிவிடுகின்றன. எழுபத்தைந்து நிமிடத்தில் இந்த இரண்டையும் கழித்துவிட்டால், நடப்பதற்கும் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) சோதனைக்கும் ரயிலுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்தான் மிஞ்சுகிறது. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே போகாத வரையில் முன்பதிவு முறை டிக்கெட்டை விற்றுவிடும். கணினி அனுமதித்துவிட்டது என்பதாலேயே அந்த இடைவெளி வயதானவருக்கும் கைக்குழந்தையோடு வருபவருக்கும் போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அன்று பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஏறும்போதே என் தாயாருக்குச் சக்கர நாற்காலி பதிவு செய்திருந்தேன். இந்த உதவி தேவைப்படுகிறவர்கள் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது: சக்கர நாற்காலிப் பயணிகள் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்கப்படுவார்கள். ஒன்பது ஐந்துக்கு விமானம் நின்றது. மற்றவர்கள் எல்லாரும் இறங்கி, துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே வந்த பிறகு, எங்கள் நாற்காலி விமானக் கதவருகே நகர்ந்தபோது மணி ஒன்பது இருபத்து நான்கு. பத்தொன்பது நிமிடம் இருக்கையிலேயே போய்விட்டது. அந்த நேரத்தில் என் தாயார் கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, ‘விட்டுட்டுப் போயிடுவானாப்பா?’ என்று மூன்று முறை கேட்டுவிட்டார்.

நாற்காலியைத் தள்ள வந்தவர் பந்திங் பக்கத்தைச் சேர்ந்த தமிழ் இளைஞர். ‘பாட்டி, காலைத் தூக்கி மேல வச்சுக்குங்க’ என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, ‘அண்ணே, போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் கையிலயே வச்சுக்குங்க, பைக்குள்ள போட்டுடாதீங்க, இன்னும் மூணு எடத்துல கேப்பாங்க’ என்றார். அந்த ஒரு சொல் எங்களுக்குப் பல நிமிடங்களை மிச்சப்படுத்தியது. உள்நாட்டு விமானத்தில் வந்து அனைத்துலக விமானத்துக்கு மாறுகிறவர்கள் குடிநுழைவுச் சோதனையைக் கோலாலம்பூரில்தான் முடிக்க வேண்டும். எந்த மின்தூக்கி எந்தத் தளத்துக்குப் போகும், எந்த வரிசை குறைவாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த பழக்கம். ஒன்பது நாற்பத்தொன்றுக்குக் கடப்பிதழில் வேலை முடிந்தது. விமானத்துக்குள் இழந்த நேரத்தில் ஒரு பகுதியை இங்கே திரும்பப் பெற்றோம் என்றே சொல்ல வேண்டும். சோதனை வரிசைகளில் சக்கர நாற்காலிக்குத் தனி வழி விட்டார்கள்.

அடுத்தது ஏரோடிரெயின். முனையம் 1-இன் பிரதானக் கட்டடத்துக்கும், நீண்ட தூர விமானங்களும் பல அனைத்துலக விமானங்களும் நிற்கும் சேட்டலைட் கட்டடத்துக்கும் இடையே ஓடுபாதைக்குப் போகும் வழிகள் இருப்பதால், நடந்து போக முடியாது. இந்த ஓட்டுநர் இல்லாத ரயில்தான் இணைப்பு. 1998-இல் விமான நிலையம் திறந்ததிலிருந்து ஓடிய பழைய ரயில், 2023 மார்ச் 1-ஆம் தேதி நடுவழியில் நின்றுபோனதையும், பயணிகள் பாதையோரம் நடந்து வர நேர்ந்ததையும் மலேசியாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயணிகளைப் பேருந்தில்தான் ஏற்றிச் சென்றார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் போன இரண்டு முறையும், பேருந்துக்குக் காத்திருந்து ஏறி இறங்கும் நேரத்துக்காகவே கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்த்து டிக்கெட் எடுத்தோம். 2025 ஜூலை 1-ஆம் தேதி புதிய ரயில்கள் ஓடத் தொடங்கின. பயணம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால் நாற்காலி குலுங்காமல் ஏறியது. இந்த ஒரு மாற்றம் கே.எல்.ஐ.ஏ.வில் விமானம் மாறுகிறவர்களின் கணக்கையே மாற்றிவிட்டது என்பது என் கருத்து. பேருந்துக் காலத்தில் எழுபத்தைந்து நிமிட இடைவெளியில் என் தாயாரை நான் அழைத்துப் போயிருக்கவே மாட்டேன்.

சேட்டலைட் கட்டடத்துக்குப் போய்விட்டால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைத்து, கடைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அது சரியல்ல. அந்தக் கட்டடம் நான்கு கைகள் விரிந்த வடிவம் கொண்டது. ஒரு கையின் கோடிவரை நடப்பதற்கு நேரம் பிடிக்கும். அதோடு, காத்திருக்கும் அறைக்குள் நுழையுமுன் வாயிலிலேயே கைப்பைகளுக்கு மறுபடியும் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. தாகத்துக்கு என்று வாங்கிய தண்ணீர்ப் புட்டியை அங்கேதான் கீழே வைக்க வேண்டும். எங்கள் முன்னால் நின்ற ஒரு பெரியம்மா, மகளுக்காகக் கைப்பையில் வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெயும் சாறும் உள்ள எதுவும் 100 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் நீர்ப்பொருளாகத்தான் கணக்கிடுவார்கள். ஊறுகாயும் நல்லெண்ணெயும் நெய்யும் உள்ளே போகும் பெட்டியில் இருக்கட்டும். நாங்கள் வாயிலைக் கடந்தபோது மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. விமானம் பத்து இருபதுக்கு. கடைசி அழைப்பு ஒலித்துக்கொண்டிருந்தது.

சென்னையில் எங்கள் இரண்டு பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அதற்கு நான் பினாங்கிலேயே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் நீண்ட தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு, நாம் கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடாக இருக்க வேண்டும். சென்னைக்கு எம்.ஏ.ஏ., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., கோலாலம்பூருக்கு கே.யூ.எல். அந்தத் தாளில் கே.யூ.எல். மட்டும் இருந்தால் பெட்டி கோலாலம்பூரோடு நின்றுவிடும். நாம் அங்கே வெளியே போய் எடுத்து, திரும்பவும் முகப்பில் கொடுக்க வேண்டும். இதை முகப்பில் நிற்கும்போதே பார்த்துக் கேட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை. பிறகு தெரியவந்தால் விமானமே போய்விடும்.

எனக்கு அப்படித்தான் ஒரு விமானம் போனது. சில ஆண்டுகளுக்கு முன், புதுக்கோட்டையில் என் தாய்மாமன் காலமானார். அவசரத்தில், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தேன். இடையில் மூன்றரை மணி நேரம் இருந்ததால் அது தாராளம் என்று நினைத்தேன். முதல் விமானம் பிற்பகலில் புறப்பட வேண்டியது. கோலாலம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் கொண்ட கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலும் மாலையும் இடியோடு மழை பொழிவது சாதாரணம்; ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அது இன்னும் கூடுதல். மின்னல் அருகில் இருக்கும்போது விமானம் நிறுத்துமிடத்தில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காகப் பெட்டி இறக்குவதும் ஏற்றுவதும்கூட நிறுத்தப்படும். இரண்டு மணி நேரம் தாமதமாகக் கோலாலம்பூரில் இறங்கினோம். பெட்டி சுழல்பட்டையில் வருவதற்கு நாற்பது நிமிடம். பிறகு மறு முனையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது முகப்பு மூடப்பட்டிருந்தது. வேறு வேறு டிக்கெட் என்பதால் முதல் நிறுவனத்துக்கு அந்த இழப்பில் பொறுப்பில்லை; இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நாங்கள் நேரத்துக்கு வராத பயணிகள், அவ்வளவுதான். தன் தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதை என் தாயார் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அன்று இரவு அந்த முனையத்தின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணைவிட்டு அகலவில்லை. இந்த மதிப்பீட்டை நான் எழுத முனைந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே, கே.எல்.ஐ.ஏ.வில் குறுகிய இடைவெளி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு விடை விமான நிலையத்தில் இல்லை. டிக்கெட் எடுக்கும் மேசையில் இருக்கிறது. ஒரே முன்பதிவில் இரண்டு பயணமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் நம்மை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் கடமை; அடுத்த விமானத்தில் இடம் தருவார்கள். மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணிகளுக்கான பாதுகாப்பு விதிமுறை நடப்பில் இருக்கிறது. அதன்படி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு கொடுக்க வேண்டும்; ஐந்து மணி நேரத்தைத் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் கொடுக்க வேண்டும்; 2024 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் உரிமை உண்டு. இவை நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை, கேட்காவிட்டால் கிடைப்பதுமில்லை. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டவருக்கு அந்த விமானத்தின் காசு போனது போனதுதான். எண்பது ரிங்கிட் மிச்சம் என்று தனித்தனியாக எடுப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது முனையம். 2014 மே மாதத்தில் கே.எல்.ஐ.ஏ.2 என்ற பெயரில் திறக்கப்பட்டதுதான் இன்று முனையம் 2. இரண்டு முனையங்களுக்கும் இடையே விரைவு ரயில் மூன்றே நிமிடத்தில் போகிறது, கட்டணம் இரண்டு ரிங்கிட். இலவசப் பேருந்தும் உண்டு. இதைக் கேட்டு ‘மூணு நிமிஷந்தானே’ என்று நினைப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த மூன்று நிமிட ரயிலில் ஏறுவதற்கு முன் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, கீழ்த்தளத்துக்கு இறங்கி, ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கிய பிறகு ஒரு வணிக வளாகத்தை முழுதாகக் கடந்து, முகப்பில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த முகப்போ புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முனையம் மாறுகிறவர்கள் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வைக்கவே கூடாது. வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கும் உறவினர்கள் என்றால் இன்னொன்றும் உண்டு: முனையம் மாறுவதற்காக வெளியே வந்தாலும் அது நாட்டுக்குள் நுழைவதுதான். இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் முதல் முப்பது நாள்வரை விசா இல்லாமல் நுழைய அனுமதி இருக்கிறது என்றாலும், மலேசிய மின்னியல் வருகை அட்டையை, வருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். உள்ளேயே இருந்து வேறு நாட்டுக்கு விமானம் மாறுகிறவர்களுக்கு அது தேவையில்லை.

பினாங்குக்காரர்கள் சுபாங் விஷயத்திலும் விழிப்பாக இருக்க வேண்டும். 1998 வரை நாட்டின் முதன்மை விமான நிலையமாக இருந்த சுபாங்குக்கும் பினாங்கிலிருந்து விமானங்கள் போகின்றன. தேடும்போது இரண்டும் ‘கோலாலம்பூர்’ என்ற பெயரிலேயே வரும். சுபாங்கில் இறங்கி சிப்பாங்கில் ஏற வேண்டும் என்றால் இடையில் இருப்பது நெடுஞ்சாலைப் பயணம். மாலை நேர நெரிசலில் அது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. குறியீடு கே.யூ.எல். என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

திரும்பி வரும்போது எங்களுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சென்னையிலிருந்து இரவு விமானத்தில் ஏறி விடியற்காலையில் சேட்டலைட் கட்டடத்தில் இறங்கினோம். அந்தக் கட்டடத்தின் நடுவில் வானம் திறந்த ஒரு சிறு காடு இருக்கிறது. விமான நிலையத்தை வடிவமைத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா, காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்ற எண்ணத்தில் அமைத்தது அது. பல முறை அதைக் கடந்து ஓடியிருக்கிறோமே தவிர நின்று பார்த்ததில்லை. மரப்பலகைப் பாதையில் கதவைத் தள்ளி வெளியே வந்ததும் ஈரமான மண்வாசனை அடித்தது. குளிரூட்டியில் இரவெல்லாம் விறைத்திருந்த என் தாயார் சால்வையைத் தளர்த்திக்கொண்டு, ‘நம்ம ஆயர் ஈத்தாம் மாதிரி இருக்குப்பா’ என்றார். பிறகு ஒரு கடையில் நாசி லெமாக்கும் தே தாரேக்கும் வாங்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். விலை வெளியே இருப்பதைவிடக் கூடுதல்தான். ஆனால் கடிகாரத்தைப் பார்க்காமல் சாப்பிட முடிந்தது. மூன்று மணி நேரம் இருந்தால் இந்த விமான நிலையம் உண்மையிலேயே இனிமையான இடம். அதைவிட அதிகம் இருக்கிறது என்று நகரத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு, விரைவு ரயில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலுக்குக் கொண்டுபோகும், ஆனால் இடைவெளி ஏழெட்டு மணி நேரமாவது இல்லையென்றால் அந்த எண்ணம் வேண்டாம்.

என் மதிப்பீட்டை எண்ணில் சொல்வதானால், ஒரே முன்பதிவில் ஒரே முனையத்துக்குள் மாறுவதற்குக் கே.எல்.ஐ.ஏ.வுக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். புதிய ஏரோடிரெயினும் சக்கர நாற்காலி உதவியாளர்களின் பரிவும் அதற்குக் காரணம். இளவயதுக்காரர் கைப்பையோடு மட்டும் போனால் எழுபத்தைந்து நிமிடம் போதும். பெரியவர்களோடு போனால் இரண்டு மணி நேரம் வேண்டும். முனையம் மாறுவதற்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

வரும் தை மாதத்தில் புதுக்கோட்டையில் மாமன் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். காலை முதல் விமானம், ஒரே முன்பதிவு, முன்வரிசை இருக்கை, இரண்டே முக்கால் மணி நேர இடைவெளி என்று பார்த்து டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பயண விவரத்தைப் படித்துக் காட்டியபோது என் தாயார் இடைவெளியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டார். பிறகு, அந்தக் காட்டுக்குள் இந்த முறையும் போய் உட்கார நேரம் இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.